'சும்மா' என்றொரு காரணம்

சும்மாக்காரர் என்ற பெயர் அவருக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் டிரைவர் என்றால் போதும், அந்தத் தெருவில் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும். புது வேலையில் சேர்ந்த வாரம், பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலில் மறித்து நிறுத்தினார்.

"இப்ப எங்க போறீங்க வேலைக்கு?"

"லாரியிலதான்."

"லாரிதான் தானா ஓடுதாமே. நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளமா?"

"வேணும்னா நீங்க வந்து உக்காந்து பாருங்க. அரை நாள் தாங்க மாட்டீங்க."

தையல்காரர் அதற்குக் கொஞ்சம் லேஸ் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். மறுநாளே டிரைவர் சும்மாக்காரர் ஆகிவிட்டார்.

வேலை இதுதான். துறைமுகத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும். நகரத்தைச் சுற்றிப் போகிற பெரிய சாலையில் ஓடி, கிடங்கில் போய்ப் பின்புறத்தைக் காட்டி நிற்கும். பெட்டியை இறக்கியதும் திரும்பும். எல்லாம் தானாகவே. ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கைகளும் முழங்கால்மேல். தூங்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது. ஆபத்து என்று பட்டால் மட்டும் ஸ்டியரிங்கைத் தொடலாம். தொட்டால் லாரி மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் கையை எடுத்தவுடன் டேஷ்போர்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்கும். "தலையிட்டதற்கான காரணத்தைச் சொல்லுங்கள்."

ஓட்டுநர்கள் அந்தக் குரலுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பாதி ஆயுளை லாரியில் கழித்தவருக்குச் சாலை புதிதல்ல. ஸ்டியரிங் தன் மூக்குக்கு எதிரே தானாகத் திரும்புவதுதான் புதிது. தன் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கை துறுதுறுத்தது. தொடையைத் தட்டிக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் துறுதுறுப்பு இறங்குவதில்லை. டிவி பார்க்கும்போது வலது கால் தரையை அழுத்தும்.

"பிரேக் போட்டது போதும்," என்பாள் மனைவி. "சீரியல் நிக்காது."

அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்தவள், உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பாள். அவருக்கு அது பொறாமையாக இருந்தது.

'சும்மா' என்ற சொல் லாரிக்குள் வந்த கதை இப்படி. முதல் வாரம் சாலையோரம் ஒரு டயர்க் கிழிசல் கிடந்தது. லாரிக்கு முன்னால் போன பைக்காரன் அதைப் பார்த்து விலகப்போகிறான் என்று இவருக்குத் தோன்றியது. தொட்டு வேகத்தைக் குறைத்தார். மாமியார் கேட்டாள். இவர் நடந்ததை விலாவாரியாகச் சொன்னார், பைக்காரனின் ஹெல்மெட் நிறம் உட்பட. மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, பைக்காரன் விலகுவான் என்று எப்படித் தெரிந்தது, எவ்வளவு தூரத்தில் தெரிந்தது, விலகாமல் போயிருந்தால் என்ன என்று மதியம்வரை குடைந்தார். சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

அடுத்த முறை மாமியார் கேட்டதும் அவர் சொன்னார், "சும்மா."

மாமியார் வாயை மூடிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று மனைவி கேட்டால் என்ன சொல்வாரோ அதையேதான் சொன்னார். ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இருக்கிறது, இப்போது பேச வேண்டாம் என்று பொருள். வீட்டில் அது புரியும்.

ஓய்வறையில் இந்த வித்தையை அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஹார்ன் என்று பெயர் வாங்கிய ஓட்டுநர் இருந்தார். ரகசியம் பேசினாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும் தொண்டை. "சும்மான்னு சொல்லிடு, மாமியார் அடங்கிடுவா" என்று அவர் எல்லா ஷிப்டுக்கும் ஒலிபரப்பினார். கொஞ்ச நாளில் அந்தச் சாலையில் ஓடிய எல்லா லாரிகளிலும் ஒரே பதில்தான்.

*

அந்தச் சாலையின் நடுவில், பெரிய வளைவு தாண்டியதும், இடப்பக்கம் ஒரு சார்ஜிங் நிலையம் இருந்தது. லாரிகள் வரிசையாக வந்து நின்று மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் இடம். அதன் சொந்தக்காரன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கார் இரண்டு, வீடு மூன்று என்று ஆன பிறகும் தெருவில் அவனுக்குப் பெயர் கிளீனர்தான். அக்கா புருஷனோடு கிளீனராக லாரியில் ஏறியவன் அவன். இரண்டு பேரும் ஒரே தார்ப்பாயின்கீழ் படுத்தவர்கள்.

அப்போது அந்த இடம் வெறும் கல்லும் முள்ளும். ஒரு மரம் மட்டும் நின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் டிரைவர் அங்கே லாரியை ஒடித்து உள்ளே விடுவார். கிளீனர் இறங்கி முகம் கழுவத் தண்ணீர் எடுப்பான். அரைமணி நேரம் கால் நீட்டிக் கிடப்பார்கள். பிறகு ஒரு சமயம் இரண்டு பேர் கையிலும் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. டிரைவர் அதைப் போட்டு, கடனும் வாங்கி, சொந்த லாரி எடுத்தார். கிளீனர் அந்தக் கல்லுக்காட்டை வாங்கினான்.

"சும்மா கிடக்கிற இடத்தை வாங்கி என்னடா பண்ணுவே," என்று டிரைவர் கேட்டார். "ஓடுறதுதானே சம்பாதிக்கும். கிடக்கிறது எங்க சம்பாதிக்கும்."

"சும்மாதான் மாமா. ஆசைக்கு," என்றான் அவன். உண்மையிலேயே அவனுக்கு வேறு யோசனை எதுவும் இருக்கவில்லை.

தானாக ஓடும் லாரிகள் வந்தபோது சொந்த லாரிக்கு லோடு கிடைக்காமல் போனது. நிறுத்தி வைத்தார், பெயின்ட் அடித்தார், விற்கப் பார்த்தார், கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டார். தானாக ஓடும் அதே லாரிகள் பாதி வழியில் நின்று சார்ஜ் ஏற்ற ஒரு சமதளம் வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் வரைபடத்தில் கை வைத்த இடத்தில் கிளீனரின் கல்லுக்காடு இருந்தது.

இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. மனைவி ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதில் சொல்லியாவது தீர்த்திருக்கலாம்.

*

ஆய்வுப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் ஒரு சின்னப்பெண். கல்லூரியை முடித்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் உருண்டுகொண்டே பேசினாள்.

"உக்காருங்கண்ணா."

"நிக்கிறேன் மேடம். உக்காந்துதானே இருக்கேன் நாள் பூரா."

அவள் கணினியைத் தட்டினாள். அவருடைய குரல் வந்தது. சும்மா. திரும்பத் தட்டினாள். சும்மாதான். இன்னொன்று. சும்மாம்மா. ஒன்றில் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லியிருந்தார். தன் குரலை வெளியிலிருந்து கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இதை சிஸ்டம் எப்படி எழுதியிருக்கு பாருங்க," என்று திரையைத் திருப்பினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, காரணம் இல்லை, காரணம் இல்லை, காரணம் இல்லை.

"எல்லா டிரைவருக்கும் இப்படித்தான் இருக்கு. அதனால மேல என்ன முடிவு பண்ணிட்டாங்கன்னா, மனுஷன் தொட்டது எல்லாமே தேவையில்லாத தொடல். அப்ப சீட்டும் தேவையில்ல."

"எந்த சீட்டு?"

"நீங்க உக்கார்ற சீட்டுண்ணா. உங்க எல்லார் சீட்டும்."

சும்மாக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். "சும்மான்னா காரணம் இல்லைன்னு யாரு சொன்னது உங்க மிஷினுக்கு?"

"அகராதியில அப்படித்தான் இருக்காம்."

"அகராதி வீட்ல குடும்பம் நடத்துதா?"

அவள் சிரித்துவிட்டாள். உடனே கதவுப் பக்கம் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். இந்தப் பதில் முதலில் இவர் லாரியில்தான் தொடங்கியிருக்கிறது, அதனால்தான் இவரைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தொடலுக்கும் வீடியோ இருக்கிறது. அவர் உட்கார்ந்து பார்த்து, அன்றைக்கு ஏன் தொட்டார் என்று இப்போது சொன்னால் அவள் திருத்தி அனுப்புவாள். உருப்படியான காரணங்கள் இருந்தால் கேபின் இல்லாத புது வண்டிகள் வரும்வரையாவது இருக்கைகள் தங்கும். எல்லோருடையதும்.

"சொன்ன காரணமெல்லாம் அப்புறம் எங்க போகும் மேடம்?"

அவள் உருள்வதை நிறுத்தினாள். "வண்டிக்குப் போகும்ணா. அது கத்துக்கும்."

"கத்துக்கிட்டா?"

"அடுத்த தடவை நீங்க தொட வேண்டியிருக்காது."

"அப்ப சொன்னாலும் போயிடும். சொல்லாட்டியும் போயிடும்."

"சொன்னா மெதுவாப் போகும்," என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

*

அன்று சாயங்காலமே செய்தி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓய்வறையில் ஹார்ன் அவரைச் சுவரோரம் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். அறையிலிருந்த அனைவருக்கும் கேட்டது.

"யோவ், நீ ஆரம்பிச்சு வச்சது. நீதான் முடிக்கணும். ஒண்ணுவிடாம காரணம் சொல்லு. இல்லாட்டி இட்டுக்கட்டு."

"இட்டுக்கட்டினா தெரிஞ்சிடும்பா."

"என் பொண்டாட்டிகிட்ட நான் இத்தனை வருஷமா இட்டுக்கட்டறேன். தெரியவா போகுது?"

"அவங்களுக்குத் தெரியும். சும்மா விட்டு வச்சிருக்காங்க," என்றார் வேறொருவர். யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்களும் அவர்மேலேயே இருந்தன.

வீடு திரும்பும் வழியில் மச்சானிடமிருந்து அழைப்பு. கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டான்.

சார்ஜிங் நிலையத்தில் லாரிகள் தலை குனிந்து நின்றன. ரீங்காரம் காலுக்கடியில் கேட்டது. கிளீனரின் அறைக்குக் கண்ணாடிச் சுவர், குளிர்ச்சி, இரண்டு அகலமான நாற்காலிகள். அவர் நுழைந்ததும் அவன் எழுந்துவிட்டான். அக்கா புருஷன் முன்னால் உட்கார்ந்து பேசும் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. அவருக்கோ உட்காரப் பிடிக்கவில்லை. அதனால் பேச்சு முடியும்வரை அந்த நாற்காலிகள் சும்மா இருந்தன, இரண்டு பேரும் நின்றார்கள்.

"கேபின் இல்லாத வண்டி வருதாம் மாமா."

"கேள்விப்பட்டேன்."

"நிறைய வருமாம். பக்கத்துல இருக்கிற என் இன்னொரு இடத்தையும் கேக்கறாங்க. ஆனா இந்த சீட்டு விஷயம் முடிஞ்சாத்தான் புது வண்டிக்குக் கையெழுத்து ஆகும்னு சொல்றாங்க."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அதனால?"

"நீங்க பொய் எதுவும் சொல்ல வேணாம். ஏற்கெனவே சொன்னதுதானே. சும்மான்னா சும்மா. அதோட விட்டுருங்க."

"சீட்டு போயிடும் மாப்ள."

"போனா என்ன மாமா. நான் இல்லையா? கேட்டுகிட்ட ஒரு ரூம் போட்டுத் தர்றேன். ஃபேன் இருக்கும். யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க. சும்மா உக்காந்திருங்க போதும்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்று இருந்தது. அவர் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"இந்த இடம் என்ன வேலை செய்யுது மாப்ள?"

"என்ன மாமா கேக்கறீங்க?"

"இல்ல, இது சும்மா கிடக்குது. நானும் அங்க சும்மாதான் உக்காந்திருக்கேன். இதுக்கு வாடகை குடுக்கறாங்க. எங்கிட்ட காரணம் கேக்கறாங்க."

கிளீனர் கிண்டலாகச் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னான். "இடத்துக்குப் பத்திரம் இருக்கு மாமா."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதும் நடந்துகொண்டே இருந்தார்.

"என் தம்பி கேக்கறது அவனுக்கு நியாயம்," என்றாள் அவள். "உங்க கூட்டாளிங்க கேக்கறது அவங்களுக்கு நியாயம். நீங்க என்ன கேக்கறீங்க?"

அது அவருக்கே தெரியவில்லை. சமையலறைவரை போய்த் திரும்பினார்.

"உக்காந்து யோசிங்க. தரை தேஞ்சிடும். வாடகை வீடு."

*

மறுநாள் ஆய்வுப் பிரிவுக்குப் போய், "போடுங்க மேடம்," என்றார்.

வீடியோவில் முகம் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே சாலையும், கீழே இரண்டு கைகளும்தான். முழங்கால்மேல் கிடக்கும் கைகளில் ஒன்று திடீரென்று எழும், தொடும், திரும்ப வந்து படுக்கும். ஏதோ ஒரு வீட்டுப் பிராணியைப் பார்ப்பதுபோல அவர் தன் கையைப் பார்த்தார்.

சிலவற்றுக்கு உடனே காரணம் வந்தது. "அந்தக் கார்க்காரர் போன் பேசறார், தலை சாஞ்சிருக்கு பாருங்க." "அங்க தண்ணி லாரி போயிருக்கு, ரோடு மினுமினுக்குது." அவள் வேகமாகத் தட்டச்சு செய்தாள். சிலவற்றை இரண்டு மூன்று முறை ஓட்டச் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் சாலை. ஒருவேளை கை வெறுமனே துறுதுறுத்திருக்கும். ஒருவேளை ஏதோ பார்த்திருப்பார். அவர் தொட்டதால் ஒன்று நடக்காமல் போனதா, தொடாவிட்டாலும் நடந்திருக்காதா என்று இப்போது யார் சொல்ல முடியும்? இவ்வளவு காலமும் தன் கைக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன போட?"

"தெரியலன்னு போடுங்க."

"தெரியலன்னா வேணாம்ணா. விட்டுடறேன்," என்றாள். அவளும் முடிந்த அளவுக்கு உதவினாள். அவர் சொன்ன காரணங்களை இரண்டு வரியாக நீட்டி எழுதினாள்.

பல நாள் அப்படிப் போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்து உட்காருவார், எழுவார், நடப்பார், உட்காருவார். ஒரு நாள் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் பக்கமாக வந்தாள்.

"இது ஒண்ணுதான் மேல ரொம்பக் கேக்கறாங்க."

பெரிய வளைவு தாண்டியதும் வரும் நேர்ச்சாலை. யாரும் இல்லை. இடது கை எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு நூல் அளவு இடப்பக்கம் இழுத்துவிட்டு, விட்டது. அடுத்த வீடியோ வேறொரு நாள். அதே இடம், அதே இழுப்பு. இன்னொன்று. இன்னொன்று.

"நீங்க இங்க மட்டும் போற தடவையெல்லாம் தொடறீங்க. வண்டி இதைப் பிடிச்சுக்கிச்சு. இப்ப நீங்க தொடறதுக்கு முன்னாடியே அது அங்க மெதுவாகுது. உங்க வண்டி மட்டும் இல்லண்ணா. ஒண்ணு கத்துக்கிட்டா எல்லாம் கத்துக்கிட்ட மாதிரி. அத்தனை லாரியும் அந்த இடத்துல தயங்கிட்டுத்தான் போகுது. என்ன இருக்கு அங்க? சென்சார்ல ஒண்ணும் தெரியலையாம்."

அவர் திரையருகே குனிந்தார். சாலையின் ஓரம் சார்ஜிங் நிலையத்தின் வேலி. வேலிக்கு உள்ளே மரம் இருந்த இடம். அங்கேதான் லாரியை ஒடித்து உள்ளே விடுவார்.

வேறு ஒன்றுமில்லை. வழியில் ஒரு மிருகமும் இல்லை, பள்ளமும் இல்லை. அவர் ஓட்டுவதை விட்டாலும் கை விடவில்லை. முகம் கழுவிக் கால் நீட்ட உள்ளே போகலாமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது. கை எதைக் கேட்கிறது என்று தெரியாமலே வாயும் மாமியாரிடம் சும்மா என்று சொல்லியிருக்கிறது. லாரி அதைத் தப்பாமல் படித்துக்கொண்டிருக்கிறது.

சிரிப்பு வந்தது. அதோடு கூடவே வேறொன்றும் வந்தது. அங்கே மண் இறங்குகிறது மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாலையை அடைப்பார்கள், சோதிப்பார்கள், ஆள் இல்லாமல் அந்த வழியில் லாரி விடப் பயப்படுவார்கள். இருக்கை நிற்கும். மச்சானின் கண்ணாடி அறை காலியாகும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. கிளீனர் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடி வருவதும் கூடவே வந்து நின்றது. வார்த்தையை விழுங்கிவிட்டார்.

எழுந்து ஜன்னல்வரை போய்வந்தார்.

"மேடம், அந்த இடத்துக்கு வாடகை குடுக்கறீங்கல்ல?"

"ஆமா. சார்ஜிங்குக்கு."

"இந்தக் காரணத்துக்கும் வாடகை குடுங்க."

"என்னண்ணா?"

"மத்ததெல்லாம் சும்மாவே குடுத்துட்டேன். எழுதிக்கிட்டீங்க. அது வண்டிக்குப் போய், அத்தனை வண்டிக்கும் போய், இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. சரி, போகட்டும். இது ஒண்ணுக்கு மட்டும் மாசாமாசம் குடுங்க. எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க. பத்திரம் எழுதிக்கலாம்."

ஒன்றுமில்லாத ஒன்றுக்கு விலை பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்லுக்காட்டிலும்தான் என்ன இருந்தது?

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே அடித்து மேலே அனுப்பினாள். பதில் வரும்வரை அவள் நாற்காலியில் உருண்டாள், அவர் நடந்தார். பதில் சீக்கிரமே வந்துவிட்டது. அப்படி ஒரு வகை இல்லை, ஊழியர் காரணத்தை மட்டும் தெரிவிக்கவும்.

"நான் வேணும்னா இன்னொரு தடவை எழுதிப் பாக்கறேன்," என்றாள்.

"வேணாம் மேடம். உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு."

"என் வேலையும் இந்த லிஸ்ட் முடியறவரைக்கும்தாண்ணா. அப்புறம் இதையும் அதுவே எழுதிக்குமாம்." அவள் விசைப்பலகைமேல் விரலை வைத்தாள். "இதுக்கு என்ன போட?"

"சும்மா."

"அண்ணா."

"மத்ததுக்கெல்லாம் காரணத்தை வச்சுக்கிட்டு சும்மான்னு சொன்னேன். இது நெசமாவே சும்மா மேடம்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் அடித்தாள்.

*

இருக்கைகள் கேபின் இல்லாத வண்டிகள் வரும்வரை தங்கின. ஹார்ன் அதுவரை அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடினார். வண்டிகள் வந்ததும் தன் தொண்டையைத் தூக்கிக்கொண்டு சந்தையில் சாமான் இறக்கும் இடத்துக்குப் போய்விட்டார். தட்டச்சு செய்த பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. பழைய லாரிகள் கற்றதெல்லாம் புது வண்டிகளுக்குள் போயிற்று.

கிளீனர் கேட்டருகே சொன்னபடியே ரூம் போட்டான், ஃபேனும் மாட்டினான். சும்மாக்காரர் போகவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் சொல்லி, நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும் வேலை வாங்கிக்கொடுத்தாள். லாரியில் உட்கார்ந்ததற்குக் கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளம், ஆனால் உட்கார வேண்டாம். வளைவுகளில் அவர் வேகத்தைக் குறைக்கும் விதத்தைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாத்தீங்க முன்ன?" என்று ஒரு நோயாளி கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் எக்ஸ்ரே அறை வந்துவிட்டது.

விடுமுறை நாளில் பஸ் ஏறிப் பெரிய வளைவில் இறங்கி, வேலியோரமாகப் போய் நிற்பார். எதற்குப் போகிறார் என்று மனைவி கேட்டதில்லை. கேட்டால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கிளீனர்தான் ஒரு நாள் அறையைவிட்டு இறங்கி வந்தான். முகத்தில் தூக்கமில்லை.

"வெயில்ல நிக்கறீங்க. நாற்காலி போடச் சொல்லட்டுமா மாமா?"

"வேணாம்."

"நேத்தும் கம்பெனிக்காரங்க வந்து ரோட்டைத் தட்டித் தட்டிப் பாத்தாங்க. மண்ணை அள்ளிட்டுப் போனாங்க. வண்டி ஏன் இங்க தயங்குதுன்னு தெரியாம பக்கத்து இடத்தை எடுக்க மாட்டேங்கறாங்க. அந்த இடத்தைக் காட்டி நான் வேற கடன் வாங்கி வச்சிருக்கேன்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குத் தெரியும் மாமா. என்னதான் இருக்கு இங்க?"

"சொன்னா நம்ப மாட்டே."

"நம்பறேன்."

"சும்மா மாப்ள."

கிளீனர் அவரையே பார்த்தான். பிடிவாதம் என்று நினைத்திருப்பான். பழைய கணக்கு என்று நினைத்திருப்பான்.

வளைவில் ஒரு வண்டி வந்தது. முன்னால் தலை இல்லை, கண்ணாடி இல்லை, ஆள் உட்கார இடமில்லை. பெட்டியும் சக்கரமும்தான். இருவருக்கும் எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. ஒரு நூல் அளவு இடப்பக்கம் ஒடிந்தது, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. பிறகு நிமிர்ந்து போய்விட்டது. அதன் பின்னால் அடுத்தது வந்து அதையே செய்தது.

அவருடைய வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.